சிங்க்கின் கீழே ஒரு கதவு

பிஸ்மில்லாஹ்

புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்
ஜூலை 3

அன்பு மருமகள் ஹஸீனாவுக்கு, மாமி சம்சுன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஜூலையிலும் பனி கொட்டுகிற அந்தத் தென்கோடி நாட்டுக் குளிரில் உன்னைத் தனியாக வைத்திருக்கும் அல்லாஹ்தான் உன் உடம்பையும் மனசையும் காக்க வேண்டும். இங்கே நானும் உன் மாமாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் வாயைத் திறந்தால் நான் அழுகிறேன். நான் அழுதால் நீ "சரி மாமி, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நான் அழுவது உனக்குக் கேட்காது, நீ பாதியில் வைக்கவும் முடியாது. அதனால்தான் பார்சலோடு சேர்த்து எழுதி அனுப்புகிறேன்.

முதலில் பார்சல் விஷயம். பிரித்ததும் நீளநீளமாகச் சில துணிகள் வரும். காலுறை என்று நினைத்து மாட்டிக்கொள்ளாதே, அது குழாய்க்குத் தைத்தது. நீ சொன்ன அளவில் கம்பளியை இரண்டு மடிப்பாகப் போட்டு, நடுவில் வெள்ளித்தாள் மாதிரி ஒரு ஷீட்டை வைத்து அடித்திருக்கிறேன். தேக்கா மார்க்கெட் மாடியில் என் தையல் மெஷினில் இதை ஓட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கடை வைஷாலி எட்டிப் பார்த்து, "என்னக்கா இது, பாம்புக்கு ஸ்வெட்டரா லா?" என்றாள். தண்ணீர்க் குழாய்க்கு என்று சொன்னேன். திரும்பிப் போனவள் கொஞ்ச நேரத்தில் இஞ்சி டீ ஒன்று வாங்கிவந்து மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மகன் போன துக்கத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் விளக்கம் சொல்லவில்லை, டீயைக் குடித்துவிட்டேன்.

பெரியது வெளியிலிருந்து நீ குடியிருக்கிற வண்டிக்குத் தண்ணீர் வரும் குழாய்க்கு. சின்னது அடியில் இருக்கும் கழிவுத்தொட்டியின் வாய்க்கு. ஹீட்டர் புகை வெளியே போகிற குழாய்க்கு மட்டும் எதையும் சுற்றிவிடாதே, அதை அடைத்தால் புகை உள்ளே திரும்பி ஆளையே கொன்றுவிடுமாம். இதெல்லாம் உன் மாமா சொன்னது. பகலெல்லாம் பயணப்பைக் கடையில் உட்கார்ந்து, ஊருக்குப் போகிறவர்களுக்குப் பெட்டி விற்கிற நேரம் போக, குளிர்காலத்தில் மோட்டார்ஹோமில் குடியிருப்பவர்களின் வீடியோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் ஒரு கண்ணாடி பாட்டிலில் நிறையத் தண்ணீர் ஊற்றி இறுக மூடி ஃப்ரீசரில் வைத்தார். மறுநாள் மீன் எடுக்கப் போனால் பாட்டில் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. "பாத்தியா சம்சு, குழாயும் இப்படித்தான் வெடிக்கும்" என்றார், பரீட்சையில் பாஸானவர் மாதிரி. கண்ணாடித்துண்டு பொறுக்கினது நான்.

இரவில் ஏர்கானைப் பதினாறில் வைத்துவிட்டுப் போர்த்தாமல் படுக்கிறார். ஹஸீனாவுக்கு எப்படி இருக்கும் என்று பார்க்கிறாராம். எனக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம். நான் ஹாலுக்கு வந்துவிட்டேன்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போன மாதம் என் மகன் ரியாஸ் அந்த வண்டியில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தாறு வயதில் தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுபோகும் என்று யார் கண்டோம்? முட்டியில் ஆபரேஷன் முடிந்து நான் கட்டிலில் கிடந்தேன். மாமாதான் ஓடி வந்தார், அங்குள்ள முஸ்லிம்களோடு சேர்ந்து அடக்கம் செய்தார். திரும்பும்போது உன்னையும் கூப்பிட்டார். புருஷன் மௌத்தான வீட்டில்தான் விதவை இத்தா என்று துக்கக் காலம் இருக்க வேண்டும், எனக்கு இந்த வண்டிதான் வீடு, நான்கு மாதம் பத்து நாளும் இங்கேதான் இருப்பேன் என்று நீ சொல்லிவிட்டாய். சட்டம் தெரிந்த பிள்ளை என்று மாமா பெருமையாகத்தான் வந்து சொன்னார். எனக்கு அந்தப் பெருமை வரவில்லை. நான்கு பக்கமும் பனி, வீட்டுக்குச் சக்கரம், உள்ளே உம்மா இல்லாத ஒரு பிள்ளை தனியாக என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் பள்ளிவாசல் இமாமிடம் நானே போய்க் கேட்டேன். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் அந்த வீட்டை விட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போகலாம், மீதி இத்தாவை அங்கே இருக்கலாம் என்றார். இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஆகவே சட்டத்தைக் காட்டி இனிமேல் என்னை மடக்காதே.

இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை போனில் மாமாவிடம் நீ சொன்னதை அவர் என்னிடம் சொல்லிவிட்டார். சிங்க்கின் கீழே இருக்கும் அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் ஹீட்டர் சூடு உள்ளே போய்க் குழாய் உறையாமல் இருக்கும், ராத்திரி எழுந்து அதைத் திறப்பது ரியாஸ் வேலை, அதற்குக் கூலியாகக் காலையில் காப்பி நீ போட வேண்டும் என்று அவன் இருக்கும்போதே நீ சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாய். இப்போது நீ மூடிவிட்டுப் படுத்தாலும் காலையில் கதவு திறந்திருக்கிறது என்கிறாய். அதுவும் குளிர் அதிகமான ராத்திரிகளில் மட்டும் என்கிறாய். "அவர்தான் மாமா வந்து திறக்கிறார்" என்று நீ சொன்னதைக் கேட்டு அவருக்கு அன்றைக்குக் கடையில் கை ஓடவில்லையாம்.

மௌத்தானவர்கள் திரும்பி வருவதில்லை, ஹஸீனா. உனக்கும் எனக்கும் சின்ன வயதில் சொல்லித் தந்தது அதுதான். நீ தூக்கக் கலக்கத்தில் திறந்திருப்பாய், அல்லது மூட மறந்திருப்பாய். அதை விடு. எனக்குப் பயம் வேறு. அவன் வருகிறானா என்று பார்ப்பதற்காக நீ வேண்டுமென்றே கதவை மூடிவிட்டுப் படுக்கிறாயோ என்று என் மனசுக்குப் படுகிறது. ஒரு ராத்திரி அது திறக்காவிட்டால் குழாய் வெடிக்கும், வண்டிக்குள் தண்ணீர் வரும், நீ ஈரத்தில் விறைத்துக் கிடப்பாய். அந்த விளையாட்டு வேண்டாம். படுக்கும்முன் நீயே உன் கையால் திறந்து வை.

கருவாடும் சம்பாலும் வைத்திருக்கிறேன். கருவாட்டை வண்டிக்குள் பொரிக்காதே, அந்த வாடை அடுத்த ரம்ஜான் வரைக்கும் போகாது. சாப்பிடு. மாமா டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறார், நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். அல்லாஹ் உனக்குப் பொறுமையையும் எனக்குக் கொஞ்சம் தூக்கத்தையும் தரட்டும்.

உன் வரவுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
மாமி சம்சுன்னிசா


பிஸ்மில்லாஹ்

புக்கிட் பாத்தோக்
ஜூலை 21

அன்பு ஹஸீனாவுக்கு, மாமியின் ஸலாம்.

குழாய்ச் சட்டைகள் சரியாகப் பொருந்தின என்று நீ அனுப்பிய படத்தைப் பார்த்தோம். தையல் கோணலாக இருக்கிற இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து மாமா என்னைக் கேலி செய்தார். பனிக்குள் அந்தச் சிவப்புக் கம்பளி நன்றாகத்தான் இருக்கிறது. நீ மட்டும் படத்தில் எங்கேயும் இல்லை. உன் நிழலாவது விழுந்திருக்கிறதா என்று தேடினேன்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பற்றி நாம் இன்னும் பேசவில்லை. பேசினால் அது கலைந்துவிடும் என்று நீயும் நினைக்கிறாய், நானும் நினைக்கிறேன் போலிருக்கிறது. ஆனால் எனக்கு எழுதாமல் முடியவில்லை.

போனை அலமாரிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படு, நானே கேட்கிறேன் என்று உன்னிடம் சொன்னபோது என் எண்ணம் வேறு. எலியோ காற்றோ என்று கண்டுபிடித்து உன்னைத் திட்டலாம் என்றிருந்தேன். இங்கே இஷா தொழுதுவிட்டு உட்கார்ந்த நேரம், அங்கே நடு இரவு. மாடியில் யாரோ நாற்காலி இழுக்கிறார்கள், கட்டடத்துக்குக் கீழே திறந்த வாய்ட் டெக்கில் பையன்கள் பந்தடிக்கிறார்கள். மாமா எழுந்து ஃபேனை நிறுத்தினார். நீ தூங்கும் மூச்சு கேட்டது. பிறகு வண்டி உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. ஹீட்டர் வேகம் எடுக்கிறது என்றார் மாமா. அதற்குக் கொஞ்சம் பின்னால் கதவு மெதுவாகத் திறக்கிற சத்தம் கேட்டது, ஹஸீனா. தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்று ஒரு மனிதன் திறப்பது போல அவ்வளவு மெதுவாக இருந்தது.

என்னையறியாமல் வாயைத் திறந்துவிட்டேன். "வாப்பா, ரியாசு, உனக்குக் குளிரலையாடா?" என்று கேட்டுவிட்டேன். மாமா என் கையைப் பிடித்தார். அப்போது இருட்டிலிருந்து நீ சொன்னாய், "மெதுவா பேசுங்க மாமி, போயிடுவார்" என்று. நீ தூங்கவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் நீ தூங்காமல்தான் படுத்திருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. பெற்றவள் நான் இங்கே இருக்கிறேன். அவன் பிறந்து வளர்ந்த வீடு இது. அவன் அறை அப்படியே இருக்கிறது, அவன் தலையணைக்குக்கூட நான் உறை மாற்றவில்லை. இங்கே ஒரு கதவும் திறக்கவில்லை. மறுநாள் அவனுக்காக இடியப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் செய்து மேசையில் மூடி வைத்தேன். வெளிக்கதவை வெறுமனே சாத்திவிட்டுத் தாழ் போடாமல் இருந்தேன். மாமா பார்த்துவிட்டு எழுந்து போய்த் தாழைப் போட்டார். அவருக்கு மட்டும் மகனில்லையா என்று எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

இமாம் சொன்னது சொன்னதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் இந்த வாரம் வா, அடுத்த வாரம் வா என்று நான் இனிமேல் உன்னை நெருக்கப் போவதில்லை. இன்னும் கொஞ்ச நாள் இரு. கம்பளியைப் போர்த்திக்கொள், ஹீட்டருக்கு டீசல் குறையாமல் பார்த்துக்கொள். பிறகு ஒன்று செய், எனக்காக. அவன் வரும்போது ஒரே ஒரு விஷயம் கேள். உனக்குக் கேட்க வாய் வராவிட்டால் மாமி கேட்கச் சொன்னதாகக் கேள். அன்றைக்கு ராத்திரி வலித்ததா என்று கேள். யாரையாவது கூப்பிட்டானா என்று கேள். நீ பக்கத்தில்தான் படுத்திருந்தாய், உனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றாய். நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டு வயதில் அவனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் அழும் முன்னால் நான் எழுந்துவிடுவேன். அன்றைக்கு நான் இங்கே எருமை மாதிரித் தூங்கியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தில் இருப்பது மாமாவுக்குத் தெரியாது. தபாலில் போடப் போகும்போது தேக்காவில் வெற்றிலை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். அவர் இப்போதெல்லாம் என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை. நான் சமையலறையில் தனியாகப் பேசுகிறேனாம்.

உன்னைக் காக்கிறவன் உன்னோடு இருக்கட்டும். ரியாசும் இருக்கட்டும்.

மாமி சம்சுன்னிசா


பிஸ்மில்லாஹ்

புக்கிட் பாத்தோக்
ஆகஸ்ட் 5, புதன்

மகளே ஹஸீனா,

இதைத் தபாலில் போட நேரமில்லை. எழுதி முடித்ததும் மாமா படம் எடுத்து உன் வண்டி நிற்கிற அந்த முகாமின் மேனேஜர் அம்மாவுக்கு அனுப்புவார். அவள் அச்செடுத்து உன் வண்டிக் கதவிடுக்கில் செருகுவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆகவே உனக்காக அவள் படித்துச் சொல்ல முடியாது. நீயேதான் எழுந்து வந்து எடுத்துப் படிக்க வேண்டும்.

காலையில் அவள் போன் செய்தாள். நேற்று ராத்திரி சிங்க்கின் கீழே குழாய் வெடித்துவிட்டது, வண்டிக்குள் தரையெல்லாம் தண்ணீர், அதுவும் இப்போது பனிக்கட்டியாகிக் கிடக்கிறது, ஹீட்டரும் ஈரம் பட்டு நின்றுவிட்டது என்றாள். சூடான அறை ஒன்றைத் திறந்து வைத்து உன்னைக் கூப்பிட்டாளாம். நீ உன்னிடம் இருக்கிற கோட்டுகளையெல்லாம் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றாயாம். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார், நான் அடுத்தவர்களுக்குக் கேட்க வைத்தது அவருக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கு ராத்திரி திரும்பி வருவார், நான் இல்லாவிட்டால் எங்கே போவார் என்றாயாம். உனக்கு என்ன பிரச்சினை என்று அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு மேல் குளிர் இன்னும் கடுமையாகும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தவர்கள் என்று நீ சொன்னது என்னைத்தான். அதற்கு நான் வருத்தப்படவில்லை.

போனை வைக்கும் முன்னால் அவள் இன்னொன்று சொன்னாள். உன் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்து, பாவம் இந்தப் பெண் சாய்வில் எப்படித் தூங்குவாள் என்று, திங்கட்கிழமை இடது சக்கரத்துக்குக் கீழே பலகை கொடுத்துச் சமமாக்கி வைத்தாளாம். அதனால் ஏதாவது ஆகியிருக்குமோ என்று பயந்து கேட்டாள். மாமா இல்லையில்லை, ரொம்ப நன்றி என்று சொல்லி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்.

ஜூன் மாதம் அவர் அங்கே வந்திருந்தபோது அந்த அலமாரிக் கதவைப் பார்த்திருக்கிறார். கதவை மூடினால் பிடித்துக்கொள்வதற்குக் காந்தம் ஒன்று இருக்குமே, அது அங்கே இல்லை, இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும்தான். ஸ்பூன் வைக்கிற இழுப்பறையின் பின்மூலையில் அந்தக் காந்தம் இரண்டு ஸ்க்ரூவோடு டேப் சுற்றிப் பத்திரமாக இருந்ததாம். ஏதோ கழன்றுவிட்டது, மாட்ட வைத்திருக்கிறான் என்று அவர் அப்போது நினைத்திருக்கிறார். மகனை அடக்கம் செய்த கையோடு யாருக்கு அலமாரி நினைவில் நிற்கும்?

கழன்று விழவில்லை, ஹஸீனா. ரியாஸ் கழற்றி வைத்திருக்கிறான். வண்டியைச் சாய்வாக நிறுத்தியதும் அவன்தான். காந்தம் இல்லாத கதவு சும்மா உராய்வில்தான் மூடி நிற்கும். குளிர் கூடும்போது ஹீட்டர் தானாக வேகம் எடுக்கும். வண்டி அதிரும். சாய்ந்த பக்கம் கதவு மெல்லத் திறந்துகொள்ளும். அன்றைக்குப் போனில் முதலில் கேட்டது அந்த உறுமல், பிறகுதான் கதவு. மூன்று பேரும் கேட்டோம். யோசித்துப் பார்க்க மூன்று பேருக்கும் மனசில்லை. பலகை வைத்த பிறகு வண்டி நேராக நின்றது, கதவு திறக்கவில்லை, குழாய் வெடித்தது. யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை.

மாமா சொல்லி முடித்ததும் "இத அந்தப் புள்ளகிட்ட சொல்லாதீங்க" என்றேன். அவ்வளவு தூரத்தில் உனக்கு இருந்தது அது ஒன்றுதான், அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கே அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. மாமா சொன்னார், "சொல்லாம விட்டா அந்தப் புள்ள அங்கேயே கெடந்து விறைச்சுப் போயிடும் சம்சு. இன்னொரு தடவ என்னால அந்த ஊருக்கு மையத்து எடுக்கப் போவ முடியாது" என்று. அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகனை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டே ஃபேனை நிறுத்துவதற்குச் சுவிட்சில் நூல் கட்டி வைத்திருந்தவன் அவன். கையெட்டும் தூரத்துக்கு எழுந்து போக மாட்டான், எழுந்து போகாமல் இருப்பதற்காக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்வான். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு உழைக்கிற பிள்ளையை நான் கண்டதில்லை. அவன் உயிரோடு இருந்தபோதும் ஒரு ராத்திரிகூட எழுந்து அந்தக் கதவைத் திறந்திருக்க மாட்டான், மகளே. போர்வைக்குள் சுருண்டு கிடந்துவிட்டு, காலையில் நான்தான் எழுந்து திறந்தேன் என்று உன்னிடம் பெருமையடித்துக் காப்பி வாங்கிக் குடித்திருப்பான். கள்ளன். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது, அதுதான் தாங்கவில்லை. நம்பிக்கை இல்லாவிட்டால் எழுந்து போய் அந்த இழுப்பறையைத் திறந்து பார். டேப் சுற்றியிருக்கிற விதத்தைப் பார்த்தாலே அவன் கை என்று உனக்குத் தெரியும்.

எழுந்து வர வேண்டாம் என்பதற்காக அவன் செய்து வைத்தது அது. அவன் வரவில்லை. இனி வரவும் மாட்டான்.

போன கடிதத்தில் அவனிடம் கேட்கச் சொன்னதைக் கேட்க வேண்டாம். அதற்குப் பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. அவனை அந்த நாட்டில் தனியாக விட்டுவிட்டு வருகிறேனே என்றும் நினைக்காதே. மண்ணுக்குள்ளே கபுரில் இருக்கிறவனைப் பார்த்துக்கொள்ள அவனைப் படைத்தவன் இருக்கிறான். உன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. இந்தத் தாள் கைக்கு வந்தவுடனே அந்த அம்மா காட்டும் சூடான அறைக்குப் போ. இமாமிடம் இன்றைக்கும் போனில் கேட்டுவிட்டேன், மீதி இத்தாவை நம் வீட்டில் இருக்கலாம். உன்னை யாரும் பார்க்க வரமாட்டார்கள், துக்கம் விசாரிக்க வருகிறவர்களை நான் லிஃப்ட் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறேன்.

ஒருவேளை நீ அந்த அறைக்குப் போகாமல் பிடிவாதமாக அங்கேயே உட்கார்ந்திருந்தால், அதற்காகத்தான் இனி எழுதப்போவதை எழுதுகிறேன். மாமா நாளைக்குக் கிளம்புகிறார். வெள்ளிக்கிழமை இருட்டும் முன்னால் உன் வண்டிக் கதவைத் தட்டுவார். வெளியே நின்று ஹஸீனா என்று கூப்பிடுவார்.

அது ரியாஸ் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். வாப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே குரல். வீட்டுக்குப் போன் செய்கிறவர்கள் எத்தனை தடவை ஏமாந்திருக்கிறார்கள். நானே இப்போது ஏமாறுகிறேன். நான் சமையலறையில் நிற்கும்போது ஹாலிலிருந்து சம்சு, தண்ணி கொண்டா என்று அவர் கூப்பிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிடுவது மகனில்லை என்று தெரிந்தும் என் கால் ஓடுகிறது. வாசல்வரை போய் அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நிற்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவையோ. அவருக்கும் அது தெரியும். அதனால் இப்போதெல்லாம் அவர் வீட்டில் அதிகம் பேசுவதில்லை. தாகம் எடுத்தால் தானே எழுந்து போய்க் குடித்துக்கொள்கிறார்.

உனக்கும் அப்படித்தான் இருக்கும். குரலைக் கேட்டதும் பாய்ந்து போவாய், கதவிடம் போகும்போதே அது அவனில்லை என்று உனக்குத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் நின்றுவிடாதே, என் கண்ணே. அறுபத்தெட்டு வயதில் ஒரு மனிதர் குளிரில் வெளியே நிற்பார். அவனில்லை என்று தெரிந்தே கதவைத் திற.

உன்னை உயிரோடு என் கையில் தரச் சொல்லி அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருக்கும்,

உன் மாமி
சம்சுன்னிசா